பிள்ளையின் முதல் பனிச்சறுக்கு: எந்த ஊருக்குப் போவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டது. கிண்டர்கார்டனில் உடன் படிக்கும் பிள்ளைகள் பனிச்சறுக்குக்குப் போய்வந்து கதை சொல்வதைக் கேட்டுவிட்டு, "நாங்கள் எப்போது போவோம்?" என்று நாள்தோறும் கேட்கிறாள். நானும் கணவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிப் பார்த்ததே இல்லை. பெப்ரவரி விடுமுறையில் ஐந்து நாட்கள் போய் வரலாம் என்று எண்ணுகிறோம். போவதென்றால் பெயர்பெற்ற செர்மாட்டுக்கே போவோம் என்கிறார் கணவர். ஊரிலிருந்து உறவினர் வந்தபோதெல்லாம் டிட்லிஸ் மலைக்கு அழைத்துச் சென்றிருப்பதால், எனக்கு அதன் அடிவார ஊரான ஏங்கல்பெர்க் பழகிய இடம். எதைத் தேர்வது?
– ஒரு வாசகி, விண்டர்தூர், சுவிற்சர்லாந்து

பதில்: இரண்டும் நல்ல ஊர்களே. ஆயினும் நீங்கள் இருவரும் மலையின் பெயரை வைத்து ஊரைத் தேடுகிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த மலை தேவைப்பட இன்னும் இரண்டு மூன்று குளிர்காலங்கள் செல்லும். முதல் ஐந்து நாட்களில் உங்கள் மகள் காணப்போவது, ஒரு கோயில் வீதியின் நீளமும் மெல்லிய சாய்வும் கொண்ட ஒரு பயிற்சி வெளியை மட்டுமே. ஆகவே அந்த வெளி ஊரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் தங்கும் இடத்திலிருந்து அதற்கு எத்தனை நிமிட நடை, அருகில் கழிப்பறையும் உட்கார்ந்து சூடேற்றிக்கொள்ள ஓர் அறையும் உண்டா என்பவற்றை முதலில் விசாரியுங்கள். மொத்தம் எத்தனை கிலோமீற்றர் சறுக்குப்பாதை இருக்கிறது என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு இந்த ஆண்டு உங்களுக்கு வேண்டாம்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். என் மகனுக்கும் ஐந்து வயதாக இருந்தபோது, பெயர் பெரிதாக இருக்கிறதே என்று ஒரு பெரிய இடத்துக்கு அழைத்துச் சென்றேன். வாடகை குறைவு என்று பள்ளத்தாக்கில் அறை எடுத்திருந்தோம். காலையில் பேருந்து, பிறகு தொங்குவண்டி, அதன்பிறகு விறைத்த சறுக்குக் காலணியோடு பத்து நிமிட நடை. பயிற்சி வெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய கம்பளிக் கையுறை நனைந்து, கழற்றிப் பார்த்தால் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அந்த நேரம் பார்த்துச் சிறுநீர் வருகிறது என்றான். ஐந்து அடுக்கு உடுப்பைக் கழற்றி மீண்டும் மாட்டி முடிய வகுப்பில் பாதி போய்விட்டது. அன்று அவன் பலகையின்மேல் நின்றது இருபது நிமிடம். பிள்ளை அழுதான், நான் அவனை அதட்டினேன்; அதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. அடுத்த ஆண்டு, வாசற்படியிலிருந்தே பயிற்சி வெளி தெரியும் ஒரு சிற்றூருக்குப் போனோம். மதியம் வந்து சோறும் பருப்பும் தின்றுவிட்டு, "திரும்பப் போவோம்" என்று அவனாகவே காலணியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

இனி, நீங்கள் கேட்ட இரண்டு ஊர்கள். செர்மாட் ஊர் 1,608 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் சிறுபிள்ளைகள் பழகும் இடம் ஊருக்குள் இல்லை, சுனெகா நிலையத்துக்கு அருகே, லைஸே ஏரிப் பக்கம், ஏறக்குறைய 2,280 மீற்றரில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் பலகை, காலணி, பிள்ளை மூன்றையும் சுமந்துகொண்டு மலைக்குள் குடைந்த சுரங்கத் தொடருந்தில் ஏறிப் போகவேண்டும். இடம் அழகானது, பனியும் நம்பகமானது. செலவோ அதிகம், அந்தப் பணத்தின் பெரும்பகுதி உங்கள் மகள் ஏறப்போகாத சரிவுகளுக்கே போகும். ஏங்கல்பெர்க்கில், மடாலயத்தை அடுத்த குளோஸ்டர்மாட்டே என்ற பயிற்சி வெளி ஊரோடு ஒட்டியே இருக்கிறது. நான் மேலே சொன்ன எல்லாம் அங்கு பொருந்தும். உறவினரோடு நீங்கள் ஏறிப்போன, 3,000 மீற்றருக்கு மேலுள்ள டிட்லிஸ் உச்சி நிலையத்தில் முதன்முறை பழகும் பிள்ளைக்கு எந்த வேலையும் இல்லை, அதை மறந்துவிடுங்கள். குளோஸ்டர்மாட்டேயின் குறை உயரம்தான்: ஏறத்தாழ 1,000 மீற்றர். 2023ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் டெலேமோன் நகரில் 20.2 பாகை வெப்பம் பதிவானது நினைவிருக்கலாம். அந்த நாட்களில் தாழ்வான ஊர்களில் புல் தெரிந்தது, அடெல்போடனில் பனிச்சறுக்கு உலகக் கிண்ணப் போட்டியையே பச்சைப் புல்வெளிக்கு நடுவே செயற்கைப் பனியால் இட்ட வெள்ளைப் பட்டையில் நடத்தினார்கள். பெப்ரவரியில் நிலைமை பொதுவாக மேல் என்றாலும், 1,500 மீற்றருக்குக் கீழே உள்ள ஊரை மாதக்கணக்கில் முன்கூட்டிப் பதிவு செய்வது துணிச்சலான காரியம். ஏங்கல்பெர்க்கிலேயே ஏறக்குறைய 1,800 மீற்றரில் திரூப்ஸே பயிற்சி வெளி இருக்கிறது. கீழே பனி இல்லையென்றால் அங்கே போகலாம், ஆனால் மறுபடியும் தொங்குவண்டிதான்.

என்னைக் கேட்டால், வாலிஸ் மாநிலத்தின் பெட்மெரால்ப் ஊரைச் சொல்வேன். 1,950 மீற்றர் உயரத்தில், தெற்கு வெயிலைப் பார்த்தபடி, ரோன் பள்ளத்தாக்கின்மேல் திண்ணைபோல் அமர்ந்திருக்கும் ஊர் அது. அங்கே கார் கிடையாது. பிரிக் நகரில் தொடருந்து மாறி, பெட்டன் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே தொங்குவண்டியில் ஏறினால் ஊருக்குள் போய் இறங்கலாம். தெருவே பனிதான், வந்திறங்கும் குடும்பங்கள் பெட்டிகளைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும், அந்தப் பெட்டிகளின்மேல் சின்னப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். வாகனப் பயமில்லாத தெருவில் பிள்ளையின் கையை விட்டு நடப்பது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை முதல் மாலையிலேயே உணர்வீர்கள். விண்டர்தூரிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். அது அதிகம் என்று தோன்றினால் கிளாருஸ் மாநிலத்தின் புரவுன்வால்ட் மிகவும் கிட்ட இருக்கிறது. லின்தாலிலிருந்து கம்பித் தொடருந்தில் ஏறும் அந்த ஊரிலும் கார் இல்லை. ஆனால் அது 1,256 மீற்றர்தான். ஆகவே கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய தங்குமிடமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, போவதற்கு ஒரு வாரம் முன்பு பனியின் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆறு வயது நிறையாத பிள்ளைக்குப் பொதுப் போக்குவரத்தில் பயணச்சீட்டு தேவையில்லை என்பது இந்த ஆண்டு உங்களுக்குக் கிடைக்கும் சலுகை. நிறைந்த பிறகு ஓராண்டுக்கான யூனியோர் அட்டை எடுத்தால் பெற்றோருடன் இலவசமாகப் போகலாம்.

எந்த ஊரானாலும் பனிச்சறுக்கு கற்பிக்கும் ஸ்கீ பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்து, பயிற்சி வெளியில் 'ட்சௌபர்டெப்பிஹ்' இருக்கிறதா என்று கேளுங்கள். மாயக்கம்பளம் என்று பொருள்படும் இது, தரையோடு தரையாக நடைவேகத்தில் மேல்நோக்கி நகரும் ஒரு றப்பர்ப் பட்டை. பிள்ளை பலகையோடு அதன்மேல் ஏறி நின்றால் போதும், மேலே கொண்டுபோய் விட்டுவிடும். இது இல்லாமல், இடுப்புக்குப் பின்னால் கம்பியை வைத்து இழுக்கும் 'பூகல்லிஃப்ட்' மட்டும் இருக்கும் இடம் ஐந்து வயதுக்கு ஆகாது. அந்தக் கம்பி பெரியவர்களுக்கு ஏற்ற உயரத்தில் இழுப்பது, குழந்தையை நிலைகுலையச் செய்துவிடும். 'சுவிஸ் ஸ்னோ கிட்ஸ் வில்லேஜ்' என்ற சின்னம் உள்ள பயிற்சி வெளிகள் சிறுபிள்ளைகளுக்கென்றே அமைக்கப்பட்டவை. வேலிக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள்: பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்புறத்தை அகட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்லும்போது ஆசிரியர் "பிட்சா!" என்பார், நேராக விடச் சொல்லும்போது "பொம்!" என்பார், அதாவது உருளைக்கிழங்குப் பொரியல்போல் இரண்டும் அருகருகே. உங்கள் மகள் வீட்டுக்கு வந்து இதையே உங்களுக்குக் கற்றுத் தருவாள். ஐந்து நிமிடத்துக்குமேல் மட்டும் அங்கே நிற்காதீர்கள். தாயைக் கண்டால் அழுகை வரும், காணாவிட்டால் விளையாட்டில் மூழ்கிவிடும்.

வகுப்பு அரைநாள், அதுவும் காலையில் இருந்தால் போதுமானது. கார்த்திகை மாதத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். விடுமுறை வாரங்களில் இடம் விரைவில் நிரம்பிவிடும். தலைக்கவசம் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் பிரித்த கையுறையைவிட, விரல்கள் சேர்ந்திருக்கும் நீர்புகாத கையுறை சூடானது. குளிருமே என்று இரண்டு காலுறை போடாதீர்கள், மடிப்பு விழுந்து கால் நோகும், இரத்த ஓட்டமும் இறுகும். வெயிலைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் "எங்கள் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று நம்மவர் பலர் நம்புகிறார்கள். புதுப்பனி புறவூதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி எறியக்கூடியது. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது அந்தக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடுகிறது. நம் பிள்ளைகளின் மூக்கும் கன்னமும் கருகும், கண்ணும் எரியும். களிம்பும் பனிக்கண்ணாடியும் இல்லாமல் வெளியே விடாதீர்கள்.

கேள்வி: நான் உணவகமொன்றில் சமையலறையில் வேலை செய்கிறேன், மனைவிக்குப் பகுதிநேர வேலை. ஆறு வயது மகனைப் பனிச்சறுக்குக்கு அழைத்துச் செல்ல ஆசை இருக்கிறது, ஆனால் ஒரு வாரத்துக்கான செலவைக் கணக்குப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வழி உண்டா?
– ஒரு வாசகர், பேர்ன்

பதில்: உண்டு. நீங்கள் கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1939இல் தொடங்கப்பட்ட ரேக்கா என்ற கூட்டுறவு நிறுவனம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் விடுமுறை வாரங்களை ஒதுக்கித் தருகிறது. வருமானச் சான்றோடு விண்ணப்பிக்கவேண்டும். படிவத்தை நிரப்ப உதவி வேண்டுமென்றால் உங்கள் ஊர்ச் சமூகசேவை அலுவலகத்தில் கேளுங்கள்.

முதல் ஆண்டில் ஒரு வாரம் தங்கித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. பேர்னிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய சிற்றூர்களில் ஒற்றை இழுவையோடு கூடிய சிறு சரிவுகள் இருக்கின்றன. அரைநாள் சீட்டு வாங்கி, வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போய் வரலாம். புதன் பிற்பகலில் பாடசாலை இல்லையென்றால், வார இறுதியில் வேலை செய்யும் உங்களுக்கு அந்த நாள் மிகவும் பொருந்தும், கூட்டமும் குறைவு. பலகையையும் காலணியையும் ஒவ்வொரு முறையும் நாள்வாடகைக்கு எடுக்காதீர்கள். விளையாட்டுப் பொருள் கடைகளில் குளிர்காலம் முழுவதற்குமான வாடகைக்குத் தருவார்கள். இலையுதிர்காலத்தில் பல ஊர்களில் நடக்கும் 'ஸ்கீபோர்சே' என்ற பழைய பொருட் சந்தையில் மலிவாக வாங்கலாம். காற்சட்டையும் மேலங்கியும் பழைய பொருட் கடையான புறோக்கன்ஹவுஸில் கிடைக்கும். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டதா இல்லையா என்பது வெளியே தெரியாது.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டரை வயது. அவனையும் ஸ்கீ வகுப்பில் சேர்க்கலாமா?
– ஒரு அம்மம்மா, பாசல்

பதில்: இந்த ஆண்டு வேண்டாம், அம்மா. பெரும்பாலான பள்ளிகள் மூன்று அல்லது நான்கு வயதுக்குப் பிறகே சேர்க்கின்றன. இரண்டரை வயதில் காலணியின் பாரத்தையே முழங்கால் தாங்காது. முதுகு சாய்க்கும் கம்பி பொருத்திய மரச் சறுக்குவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆட்டுத்தோலை விரித்து, பேரனை உட்காரவைத்து ஊர்த்தெருவில் இழுத்துக்கொண்டு போங்கள். வண்டியில் அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு, இழுத்து நடக்கும் உங்களைவிட விரைவில் குளிரும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கையுறைக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே அழைத்துப் போய்ச் சூடாகப் பால் கொடுங்கள்.