குளித்தும் போகாத உடல் நாற்றம்: வயிறுதான் காரணமா?

இரண்டு வேளை குளித்தும் உடம்பு நாறுகிறது, கூடவே மலச்சிக்கலும் இருக்கிறது, வீட்டில் பேதிக்குச் சாப்பிடச் சொல்கிறார்கள், சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேதி மருந்து இப்போதைக்கு வேண்டாம். நாற்றம் உடம்பில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதை முதலில் பாருங்கள். வைத்தியம் முழுக்க அதைப் பொறுத்துத்தான்.

வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணி நான்கு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரவு குளிப்பதற்கு முன் ஒன்றால் அக்குளையும், இன்னொன்றால் நெஞ்சையும் முதுகையும், மூன்றாவதால் கால்விரல் இடுக்கையும் துடைத்துத் தனித்தனி டப்பாவில் மூடி வையுங்கள். கால் மணி நேரம் கழித்து வீட்டில் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் நாற்றம் நம் மூக்குக்குப் பழகிவிடும் என்பதால் நீங்களே முகர்ந்து முடிவு கட்டாதீர்கள். நான்காவது துண்டால் ஆசனவாய்ப் பக்கம் துடைத்து, கறை படுகிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்தால் போதும். மூன்று நாள் செய்து, அன்றன்று சாப்பிட்டதையும் எழுதி வையுங்கள்.

அக்குள் துணியோ கால்விரல் துணியோ மட்டும் நாறினால் அது தோல் சமாச்சாரம். பெரும்பாலானவர்களுக்கு இதுதான். வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. அக்குள் சுரப்பியின் கொழுப்பு கலந்த நீரைத் தோல் பாக்டீரியா உடைக்கும்போதுதான் கற்றாழை நாற்றம் பிறக்கிறது. பென்சாயில் பெராக்சைடு 5% கழுவும் திரவத்தை ஈர அக்குளில் தடவி, 2 நிமிடம் விட்டு, நன்றாக அலசுங்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், எரிந்தால் நிறுத்திவிடுங்கள். வண்ணத் துண்டு வெளுத்துப்போகும், வெள்ளைத் துண்டில் துடையுங்கள். அலுமினியம் கலந்த ரோல்-ஆனைக் காலையில் போட்டால் வியர்வையோடு வழிந்துவிடும். இரவில், நன்றாகக் காய்ந்த அக்குளில் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். அக்குள் முடியில் மஞ்சளாக மணி கோத்ததுபோல் ஏதாவது ஒட்டியிருந்தால் அது ஒரு பாக்டீரியாத் தொற்று. முடியை மழித்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாலியெஸ்டர் சட்டையையும் சந்தேகப்படுங்கள். துவைத்தும், போட்டு அரைமணி நேரத்தில் பழைய வாடை கிளம்புகிறது என்றால் உடம்பில் அல்ல, துணியில்தான் பழுது.

நான்காவது துணியில் கறை இருந்தால் உங்கள் மலச்சிக்கலுக்கும் நாற்றத்துக்கும் தொடர்பு இருக்கலாம், ஆனால் வீட்டில் சொல்கிற விதத்தில் அல்ல. குடலில் தேங்கிய மலம் தோல் வழியாக வெளியேறுவதில்லை. இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசியும். மூலம் இருந்தால் கழுவிச் சுத்தம் செய்வது கடினம். பேதி மருந்து ஒருநாள் காலி செய்யும், நாலாம் நாள் பழைய கதைதான். இசப்கோல் உமி இரண்டு தேக்கரண்டியை ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்து, மேலே இன்னொரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமம் உள்ளவர்களும், மலம் இறுகி அடைத்துக் கசிகிறவர்களும் இதைத் தொடவே வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெஞ்சுத் துணி, மூச்சு, சிறுநீர் மூன்றிலும் ஒரே வாடை வந்தால்தான் உள்ளே பார்க்க வேண்டும். சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். பூண்டின் கந்தகச் சேர்மம் ஒன்று குடலிலும் கல்லீரலிலும் உடையாமல் ரத்தத்தில் கலந்து மூச்சிலும் வியர்வையிலும் வரும். பல் தேய்த்துப் பயனில்லை. வெந்தயம் அதிகம் சாப்பிடுகிறவர்களின் வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு காய்ச்சிய மாதிரி ஒரு வாசம் வரும். இரண்டும் கெடுதல் இல்லை, நிறுத்தினால் போய்விடும்.

வாடை மீன் கவிச்சி மாதிரி இருந்தால் கவனியுங்கள். முட்டை மஞ்சள் கரு, ஈரல், சோயா, வேர்க்கடலை இவற்றில் உள்ள கோலின் என்ற சத்தைக் குடல் பாக்டீரியா டிரைமெத்திலமைனாக மாற்றுகிறது. கடல் மீனில் உள்ள வேறொரு சேர்மமும் குடலில் இதுவாகவே மாறும். கவிச்சி நாற்றம் இதனுடையது. சாதாரணமாகக் கல்லீரலின் எஃப்எம்ஓ3 என்ற நொதி இதை வாடையில்லாததாக மாற்றிவிடும். அந்த நொதி பிறவியிலேயே பலவீனமாக இருந்தாலும், சிறுகுடலில் பாக்டீரியா அளவுமீறிப் பெருகினாலும் மாற்றியது போக மிஞ்சுவது வியர்வையில் வரும். குடலும் உடல் நாற்றமும் நேரடியாகக் கைகோக்கும் இடம் இதுதான். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி இந்த வாடை கூடும்.

இந்த மீன் வாடை உள்ளவர்கள் செய்யும் தவறு, பயந்துபோய் மறுபடி மறுபடி சோப்புப் போடுவது. டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டால் உப்பாகி, ஆவியாகாமல் அடங்கிவிடும், கழுவினால் போய்விடும். வழக்கமான குளியல் சோப்பே காரம்தான், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்கு மேல் காரம்) 9, 10 வரை இருக்கும். பிஎச் 5.5 முதல் 6.5 வரை என்று அட்டையில் போட்டிருக்கும் சோப்புக்கு மாறுங்கள். மேலே சொன்ன உணவுகளை இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மட்டும் தாமாகக் குறைக்கக் கூடாது, குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கோலின் தேவை. உறுதி செய்ய, சிறுநீரில் டிரைமெத்திலமைனும் அதன் மாறிய வடிவமும் எந்த விகிதத்தில் உள்ளன என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. உணவைக் குறைத்த நாளில் சிறுநீர் கொடுத்தால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போய்விடும். மீனோ முட்டையோ சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். குடல் பாக்டீரியாவைக் குறைக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை சிலருக்குக் கொஞ்ச நாள் கேட்கும், நிறுத்தினால் வாடை திரும்பும். அதைக் கடையில் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள்.

சர்க்கரை நோயாளியின் மூச்சில் அழுகிய பழ வாடையோடு வாந்தியும் மூச்சிரைப்பும் இருந்தால் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சிறுநீர் வாடை மூச்சில் வந்து, கால் வீங்கி, சிறுநீரும் குறைந்தால் தாமதிக்காமல், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

மூன்று நாளும், முகர்ந்தவர் எந்தத் துணியிலும் நாற்றம் இல்லை என்று சொல்லியும் உங்களுக்கு மட்டும் நாற்றம் தெரிகிறது, பக்கத்தில் ஒருவர் மூக்கைத் தொட்டாலே உங்களால்தான் என்று படுகிறது என்றால், அதுவும் வைத்தியம் உள்ள ஒரு நோய்தான். மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். அந்தத் தவிப்பு பொய்யில்லை.