படுக்கையறைச் சுவரில் பூசணம், பிள்ளைக்கு இளைப்பு: முதலில் எதைக் கவனிப்பது?

கேள்வி: தோட்டத்தை விட்டு வந்து சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் பழைய ஒரு மாடி வரிசை வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். படுக்கையறைச் சுவர், அலமாரியின் பின்பக்கம், சிலிங் மூலை எல்லாம் கறுப்பாகப் பூசணம். போன தீபாவளிக்கு முன்பு சாயம் அடித்தோம். இரண்டே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. அந்த அறையில் படுக்கும் 7 வயது மகளுக்கு வாரத்தில் நாலைந்து ராத்திரி இருமல், இளைப்பு. கிளினிக்கில் கொடுத்த நீல பம்பை இருமும்போது அடிக்கிறோம். கூடப் படுக்கும் மாமியாருக்கு வயது 68, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. அவருக்கும் ஒரு மாதமாக இருமல், உடம்பும் மெலிந்துவிட்டது. பூசணம் எடுக்கும் ஆள் ஒருவர் வந்து பார்த்து, "இது விஷப் பூஞ்சை, புகை அடிக்க 3,800 ரிங்கிட், வீட்டில் எல்லாரும் ரத்தம் சோதிக்க வேண்டும்" என்கிறார். கொரோனா சமயத்தில் இந்தியாவில் பரவிய கறுப்புப் பூஞ்சை இதுதானா? என்ன செய்வது?
(வாசகி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

பதில்: அம்மா, சுவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாத இருமல், இனிப்புநீர், உடல் மெலிவு மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் சுவரைக் காரணம் காட்டி உட்கார்ந்திருக்கக் கூடாது. காசநோய் இல்லை என்பதை உறுதி செய்தாக வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பதுதான் முறை. இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். முடிவு வரும்வரை பேத்தி வேறு அறையில் படுக்கட்டும். பூசணம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக வீட்டில் வரும் எல்லா இருமலையும் அதன் தலையில் கட்டிவிட்டால், தெரியாமல் இருக்கும் நோய் தப்பிவிடும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். 2021-இல் இந்தியாவில் பலரைத் தாக்கிய "கறுப்புப் பூஞ்சை" நோயின் பெயர் மியூகோர்மைகோசிஸ். அதை உண்டாக்கும் பூஞ்சைகள் மண்ணிலும் அழுகிய பழத்திலும் பழைய ரொட்டியிலும் வளர்பவை. கட்டுக்கடங்காத சர்க்கரையும், கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து உடலின் எதிர்ப்பு சக்தியை முடக்கியதால் அது மூக்கிலும் கண்ணிலும் இறங்கியது. உங்கள் சுவரில் கறுத்திருப்பது அநேகமாக கிளடோஸ்போரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற சாதாரண வீட்டுப் பூஞ்சை. நிறம் கறுப்பு என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் மாமியார் அந்தச் சுவரைத் தேய்க்கக் கூடாது. சர்க்கரை அளவையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

"விஷப் பூஞ்சை" என்று அந்த ஆள் சொன்னது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற வகையை மனத்தில் வைத்து இருக்கலாம். எந்த வகையாக இருந்தாலும் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்துவது, பூசணத்தை எடுப்பது. அதனால் வகையைக் கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டாம். பூஞ்சை விஷம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லும் ரத்த, சிறுநீர்ச் சோதனைகளை நம்பி வைத்தியம் செய்ய முடியாது. பூஞ்சை ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கும் தோல் சோதனையும் ஐ.ஜி.ஈ. ரத்தச் சோதனையும் உண்மையானவை. ஆனால் ஆஸ்துமா அடங்காத பிள்ளைக்கு மருத்துவர் கேட்டால் எடுப்பவை அவை; வீட்டில் எல்லாருக்கும் தேவையில்லை.

மகளுடைய நிலைமைதான் எனக்கு உறுத்துகிறது. இருமல் இளைப்பால் ராத்திரி தூக்கம் கெடுவதும், நீல பம்பு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுவதும் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கான அடையாளங்கள். நீல பம்பில் உள்ள சல்புட்டமோல் மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரித்துக் கொடுக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைக்க பியூடெசோனைட், பெக்லோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்தைத் தினமும் இழுக்க வேண்டும். கிளினிக்கில் இதைக் கேளுங்கள். ஸ்பேசர் (பம்பில் மாட்டி மருந்தை இழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) இல்லாமல் வாயில் நேராக அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரில் ஒரு அழுத்தம், பிறகு 4 முதல் 6 மூச்சு, அதன் பின்புதான் அடுத்த அழுத்தம். தடுப்பு மருந்து இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படிவம் வரும். விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளிழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காமல் 999-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரையும் போகும் வழியிலும் ஸ்பேசரில் நீல பம்பைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

இன்றிரவே அவளை வேறு அறைக்கு மாற்றுங்கள். இரண்டு வாரம் எத்தனை ராத்திரி இருமினாள், எத்தனை அழுத்தம் தேவைப்பட்டது என்று காலண்டரில் குறித்து வாருங்கள். மருத்துவருக்கு எந்தப் பூஞ்சைச் சோதனையையும்விட அந்தக் குறிப்பு உதவும்.

இனி சுவர். பூசணத்துக்குத் தாய் ஈரம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரைக் கழுவினாலும் புகை அடித்தாலும் சாயம் அடித்தாலும் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகும் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். தீபாவளிக்குச் சாயம் அடிக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் பேராக்கில் சாயங்கால மழை வலுக்கும். ஈரம் குடித்த சுவரின் மேல் சாயம் ஏறினால் ஈரம் உள்ளேயே அடைபடும். சாயம் கொப்புளித்து உரியும். அந்தச் சாயமே பூஞ்சைக்குத் தீனியாகும்.

ஈரத்தின் வழியைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான சோதனை இருக்கிறது. பூசணம் இல்லாத, ஆனால் சந்தேகமான இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி அலுமினியத் தாளைச் சுவரோடு ஒட்டவைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து உரித்துப் பாருங்கள். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

பின்பக்கம் நனைந்திருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது குளியலறை. வரிசை வீடுகளில் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் ஒரே சுவர்தான் பெரும்பாலும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் ஓடியிருந்தால் குழாய் கசிகிறது. ஓடாவிட்டால் தரையின் வடிகால் துளையை அடைத்து, இரண்டு விரல் உயரம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டு அடுத்த அறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தளத்தில் நீர்க்காப்புப் பூச்சு போயிருந்தால் அப்போது தெரியும். இரண்டாவது கூரை. சிலிங் மூலை கறுத்திருப்பது அதைத்தான் காட்டுகிறது. மழை பெய்யும்போதே சிலிங் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உடைந்த ஓடும், இலை அடைத்த கட்டரும் (கூரை நீர்வடிகால்) வெயில் நாளில் பிடிபடாது. மூன்றாவது பக்கத்து வீடு. பொதுச் சுவரின் மறுபுறம் அவர்களுடைய குழாய் ஓடினால் அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும்.

தாளின் முன்பக்கம் வேர்த்திருந்தால் பழக்கத்தை மாற்றினாலே பாதி சரியாகும். காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைகிரோமீட்டர் ஒன்று சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அறையில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது நல்லது; 70-க்கு மேலேயே நின்றால் பூசணம் வரும். "ஜன்னலைத் திறந்து வை" என்ற குளிர்நாட்டு அறிவுரை இங்கே அப்படியே பொருந்தாது. நம் ஊரில் ராத்திரி வெளிக்காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். வெயில் அடிக்கும் பகலில் திறந்து, மழைக்கு முன் மூடுங்கள். ஏர்கோன் இருந்தால் 18-இல் வைக்காமல் 25 அளவில் வையுங்கள். மிகக் குளிர்ந்த சுவரில்தான் காற்று வேர்க்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள்.

எது நீங்களே செய்யும் வேலை, எது ஆள் வைத்துச் செய்யும் வேலை? எல்லா இடத்தையும் கூட்டி மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால், ஆஸ்துமா இல்லாத, கர்ப்பமாக இல்லாத பெரியவர் ஒருவர் செய்யலாம். பிள்ளையும் மாமியாரும் அன்று வீட்டிலேயே இருக்கக் கூடாது. என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்காப்புக் கண்ணாடி வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து, உள்கதவின் இடுக்கைப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். உலர்ந்த பூசணத்தை விளக்குமாற்றால் தட்டினால் கோடிக்கணக்கான வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு தேய்த்து, துணியால் ஒற்றி, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். உரிந்த சாயத்தையும் ஈரத்தோடுதான் சுரண்ட வேண்டும். குளோராக்ஸை (வெளுக்கும் திரவம்) ஓடு, கண்ணாடி போன்ற வழவழப்பான இடத்துக்கு மட்டும் வையுங்கள்: 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். சிமெண்ட் சுவரில் அது மேலே நிறத்தை வெளுக்கும், உள்ளே வேர் அப்படியே இருக்கும். அதன் நெடியே இளைப்பைக் கிளப்பும். வினிகரோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். பூசணம் ஏறிய பஞ்சு மெத்தை, தலையணை, ஊறிப்போன பலகை அலமாரி ஆகியவற்றைக் காப்பாற்ற முடியாது, எறிந்துவிடுங்கள்.

சிலிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். பழைய மலிவு விலை வீடுகளில் சிலிங் தகடு அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டாக இருக்கக் கூடும். அதைச் சுரண்டினாலோ உடைத்தாலோ கிளம்பும் தூசு பூஞ்சையைவிடப் பல மடங்கு கேடு. எந்தக் குத்தகையாளரும் தொடுவதற்கு முன் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மூன்றடியைத் தாண்டிய வேலை. ஆள் வைப்பது சரிதான். ஆனால் 3,800 ரிங்கிட் புகைக்கு என்றால் வேண்டாம். புகை பூஞ்சையைக் கொல்லலாம்; செத்த பூஞ்சையும் சுவரிலேயே இருந்து ஒவ்வாமையைத் தரும். கொல்வதைவிட எடுத்து வெளியேற்றுவதுதான் வேலை. ஓசோன் இயந்திரத்தையும் மறுத்துவிடுங்கள், ஆஸ்துமா நுரையீரலுக்கு ஓசோன் ஆகாது.

விலை கேட்கும்போது இதைக் கேளுங்கள்: ஈரம் எங்கிருந்து வருகிறது, அதை யார் சரிசெய்வது? ஈரமானியால் அளந்து காட்டாமல் விலை சொல்பவர் சுவரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அறையைத் தடித்த பிளாஸ்டிக்கால் மறைத்து, நுண்தூசைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள விசிறியால் காற்றை வெளியே இழுப்பாரா? எந்தப் பகுதியை வெட்டி எடுப்பார், எதைக் கழுவுவார்? வேலை முடிந்ததும் சுவரின் ஈர அளவு என்ன இருக்கும்? இவையெல்லாம் எழுத்தில் வேண்டும். இரண்டு, மூன்று பேரிடம் விலை வாங்குங்கள். எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவும், கட்டட வேலை என்றால் சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் வாரியம்) பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றைச் சோதிப்பவரும் பூசணம் எடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்தச் சோதனை எப்போதும் "வேலை வேண்டும்" என்றே சொல்லும். முழுப்பணத்தை முன்னதாகக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை, ஒரு மழைக்காலம் தாண்டும்வரை வைத்துக்கொள்ளப் பேசிப் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. எழுத்தில் வாங்கிய தாளும் ரசீதும் படங்களும் அங்கேதான் பேசும்.

வேலை முடிந்ததும் சாயத்துக்கு அவசரப்படாதீர்கள். சிமெண்ட் சுவர் காய வாரக்கணக்காகும். அலுமினியத் தாள் சோதனையை மறுபடி செய்து, பின்பக்கம் இரண்டு நாளும் காய்ந்திருந்தால் மட்டும் பூஞ்சைத் தடுப்புச் சாயம் அடியுங்கள். அதன் பிறகே மகளை அந்த அறைக்குக் கொண்டுவாருங்கள். சுவர் சுத்தமாகிவிட்டது, இருமல் நின்றுவிட்டது என்று தடுப்பு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூன்று மாதம் இளைப்பே இல்லாமல் ஓடிய பிறகுதான் மருத்துவர் அளவைக் குறைப்பார். காலண்டரையும் எடுத்துப் போங்கள்.