அறுவடைப் படம் காலண்டரில் வந்தால்

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் சித்தப்பா வயலில் சம்பா அறுவடையை வருடாவருடம் படம் எடுக்கிறேன். கதிர் அறுக்கும் அக்கா ஒருவரின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். ஒரு பூச்சிமருந்து நிறுவனம் கேட்காமலேயே அதைக் காலண்டரில் அச்சடித்துவிட்டது. கேட்டால், "நெட்டில் கிடந்த படம்தானே, வயலும் உங்களுடையது இல்லையே" என்கிறார்கள். சித்தப்பா எனக்கு பெட்ரோலுக்குப் பணம் கொடுத்ததுண்டு. எனக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரே அதன் படைப்பாளி; பொதுவாக உரிமையும் அவருக்கே. பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன? பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நெட்டில் போட்டதால் உரிமை போய்விடாது.

என்னை யோசிக்க வைப்பது அந்த பெட்ரோல் பணம்தான். ஒருவர் கேட்டு, பணமும் கொடுத்து எடுக்கவைத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-வது பிரிவு. கைச்செலவுக்குக் கொடுத்தது அதில் வராது என்பது என் கருத்து. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். ஆகவே, படம் எடுக்கச் சொல்லிக் கூலி தரவில்லை என்று சித்தப்பாவிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ். கேமராவில் பதிவான மூல ஃபைலை அழிக்காதீர்கள், காலண்டர் பிரதி ஒன்றையும் பத்திரப்படுத்துங்கள். விநியோகத்தை நிறுத்தவும் நஷ்டஈடு தரவும் கேளுங்கள். மசியாவிட்டால், 62-வது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

சரி, படத்தில் இருக்கும் அக்கா என்ன சொல்கிறார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. படம் உங்களுடையது, முகம் அவருடையது. ஒருவரின் உருவத்தை அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 1994-ல் நக்கீரன் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வயலில் கூலிக்கு வேலை செய்தவர், எந்தப் பூச்சிமருந்துக்கும் சிபாரிசு சொன்னவரில்லை. அவருக்குத் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது, அதற்கான நஷ்டஈடும் அவருக்கே சேர வேண்டும். அவர் சார்பில் நீங்கள் பேரம் பேசாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.

வக்கீல் செலவுக்கு அவர் அஞ்ச வேண்டாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். உங்கள் நோட்டீஸ் போவதற்கு முன்பே அந்தக் காலண்டரை அவரிடம் காட்டி, விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.