படையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு: விண்ணப்பத்தை மறுக்கலாமா, தாமதிக்கலாமா?

முன்கூட்டிய ஓய்வு குறித்து உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்து விடையளிக்கிறேன். சட்டப் பிரிவுகளை இந்தியத் தரைப்படையை வைத்தே சொல்கிறேன். கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனிச் சட்டங்கள் இருப்பினும் அடிப்படை நிலை ஒன்றுதான்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் 17 ஆண்டுகள் பணி முடித்த ஹவில்தார். ஓய்வூதியத் தகுதி வந்துவிட்டதால், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் என்னை விடுவித்தே தீர வேண்டும் என்று ஊரில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: சரியல்ல. மத்திய அரசின் சிவில் ஊழியர் விதிகளில், முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்த ஊழியருக்கு அந்தக் காலம் முடிவதற்குள் அனுமதி மறுக்கப்படாவிட்டால் ஓய்வு தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும் என்ற ஏற்பாடு உண்டு. ஊரில் உங்களுக்குச் சொன்னவர்கள் அதைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். படையில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டம் 22ஆம் பிரிவின்படி, விதிகள் குறிப்பிடும் அதிகாரி, விதிகள் குறிப்பிடும் முறையில்தான் ஒருவரை விடுவிக்க முடியும். 1954ஆம் ஆண்டுத் தரைப்படை விதிகளில் 13ஆம் விதி, சொந்த விருப்பத்தின் பேரில் டிஸ்சார்ஜ் (பணிவிடுவிப்பு) கேட்கும் வீரரின் விண்ணப்பத்தை ஏற்பது விரும்பத்தக்கது என்றும், அதனால் படைப்பிரிவின் ஆள்பலம் அளவுக்கு மீறிக் குறைந்துவிடாது என்றும் அதன் தலைவரான கமாண்டிங் ஆபீசர் நிறைவடைந்தால் மட்டுமே அனுமதி தரலாம் என்கிறது. ஆகவே ஓய்வூதியத்துக்கு வீரருக்கு வேண்டிய 15 ஆண்டு முடிந்ததால் உங்களுக்குக் கிடைத்திருப்பது ஓய்வூதியத் தகுதி மட்டுமே. நினைத்தபோது வெளியேறும் உரிமை அதனுடன் சேர்ந்து வருவதில்லை.

கேள்வி: நோயுற்ற தாயாரைக் கவனிக்க ஓய்வு கேட்டேன். ‘ஆள் பற்றாக்குறை’ என்று இரண்டே சொற்களில் என் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள், ஐயா. இந்தக் காரணம் போதுமா?

பதில்: காரணம் சட்டம் ஏற்றுக்கொண்ட காரணம்தான். ஆனால் உங்கள் குடும்பச் சூழலைக் கருத்தில் கொள்ளாமல் எல்லோருக்கும் ஒரே வரியை எழுதி அனுப்பியிருந்தால், அதை மேல்முறையீட்டில் கேள்விக்குட்படுத்தலாம். என் அனுபவத்தில், திருப்பப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ‘குடும்பப் பிரச்சினை’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதவை. தாயாரின் மருத்துவக் குறிப்புகள், வீட்டில் வேறு ஆண் துணை இல்லை என்பதற்கான வருவாய்த் துறைச் சான்று, இடமாற்றமோ நீண்ட விடுப்போ கேட்டுப் பார்த்தும் பயன் இல்லாமற்போன விவரம் ஆகியவற்றை இணைத்து மீண்டும் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: என் கணவர் லெப்டினன்ட் கர்னல், தேர்வு வாரியத்தில் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதிகாரிகளுக்கும் இதே நிலைதானா?

பதில்: அவர்களுக்கு முடிவெடுக்கும் இடம் வேறு; விண்ணப்பம் படைத் தலைமையகம் வரை செல்லும். பதவி உயர்வு வாய்ப்பு முடிந்துவிட்ட அதிகாரிகளின் கோரிக்கை பொதுவாகப் பரிவுடன் பார்க்கப்படுகிறது. அரசுச் செலவில் நீண்ட பயிற்சியோ வெளிநாட்டுப் பயிற்சியோ முடித்து, அதற்கு ஈடான பணிக்காலம் பாக்கி இருந்தால் தடை வரலாம். அதிகாரிக்கு ஓய்வூதியம் பெறக் குறைந்தபட்சம் 20 ஆண்டு தகுதிப் பணி வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வு ஏற்கப்பட்ட பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?

பதில்: நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன் கேட்டால் வாய்ப்பு உண்டு. விமானப்படை அதிகாரியான ஒரு விங் கமாண்டரின் வழக்கில், ‘கோரிக்கையைத் திரும்பப் பெற மாட்டேன்’ என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தும், நடைமுறைத் தேதிக்கு முன்பே திரும்பப் பெற்றது செல்லும் என்று 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: என் தம்பியின் விண்ணப்பம் ஆறு மாதத்துக்கு மேலாகக் கிடப்பில் இருக்கிறது. விடுப்பில் வந்தவன், ‘இனிப் போக மாட்டேன்’ என்கிறான். என்ன செய்வது?

பதில்: அவரை விடுப்பு முடியும் நாளுக்குள் அனுப்பிவையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. விண்ணப்பம் நிலுவையில் இருப்பது பணிக்கு வராமலிருக்க அனுமதி ஆகாது. விடுப்பு முடிந்தும் திரும்பாதிருப்பது தரைப்படைச் சட்டம் 39ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். திரும்பும் எண்ணமே இல்லை என்று நிறுவப்பட்டால் அது 38ஆம் பிரிவின் கீழ் படையை விட்டு ஓடிய குற்றமாகி, சாதாரண காலத்திலேயே ஏழு ஆண்டு வரை போகும். டிஸ்மிஸ் செய்யப்பட்டால், எந்த ஓய்வூதியத்துக்காக இத்தனை ஆண்டு உழைத்தாரோ அதுவும் போய்விடும்.

தாமதத்துக்குச் சட்ட வழி இருக்கிறது. அதிகாரி அல்லாதோர் 26ஆம் பிரிவின் கீழ் முறையீடு செய்யலாம். ஆயுதப் படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007, படைக்குள்ளேயே உள்ள முறையீட்டு வழிகளை முதலில் பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால் முறையீடு கொடுத்து ஆறு மாதங்களாகியும் இறுதி ஆணை வராவிட்டால், அந்த வழி முடிந்துவிட்டதாகவே கொள்ளப்படும். அதன்பின் அடுத்த ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். சென்னையில் அதன் அமர்வு உள்ளது. வெறும் விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல், தேதியிட்ட முறையீட்டையும் அது பெறப்பட்டதற்கான சான்றையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். காலக்கெடு அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

கேள்வி: விசாரணை நிலுவையில் இருக்கும்போது ஓய்வு கேட்டால்?

பதில்: பெரும்பாலும் நிறுத்திவைப்பார்கள். வெளியே வந்துவிட்டாலும் தப்பிவிட்டதாகாது. தரைப்படைச் சட்டம் 123ஆம் பிரிவு, பணி முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் விசாரணையைத் தொடங்க இடம் தருகிறது.

கேள்வி: நான் விமானப்படையில் இருக்கிறேன். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்காமல் தேர்வெழுதி வெளியில் அரசு வேலைக்குத் தேர்வாகிவிட்டேன். தொழில் செய்யும் உரிமை அரசமைப்பில் இருக்கிறதே?

பதில்: அந்த வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஒப்பந்தக் காலத்துக்குள் விருப்பப்படி வெளியேறும் கட்டற்ற உரிமை விமானப்படை வீரருக்கு இல்லை என்று 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவாகக் கூறிவிட்டது. படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் வரையறுக்கலாம் என்று அரசமைப்பின் 33ஆம் பிரிவே சொல்கிறது. இனியாவது விண்ணப்பிக்கும் முன்பே அனுமதி கேளுங்கள்.

கேள்வி: நான் 12 ஆண்டு முடித்த நாயக். இப்போதே அனுமதி தருவதாகச் சொல்கிறார்கள். போகலாமா?

பதில்: மறுப்பைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள், உங்களைப் போன்றவர்கள் அனுமதி கிடைப்பதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 15 ஆண்டுக்கு முன் சொந்த விருப்பத்தில் விலகினால் பணி ஓய்வூதியம் இல்லை. ஓய்வூதியம் ஈட்டாமல் சொந்த விருப்பத்தில் வெளியேறியவருக்கு அரசு வேலை ஒதுக்கீட்டுக்கான முன்னாள் படைவீரர் தகுதியும் கிடைக்காது. 15 ஆண்டுக்குப் பின் விலகுவோருக்கும் ஓர் இழப்பு உண்டு: சொந்த விருப்பத்தில் விலகுவோர் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ (எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பதவிக்கும் பணிக்காலத்துக்கும் ஒரே ஓய்வூதியம்) பலனைப் பெற மாட்டார்கள் என்று 2015 நவம்பர் 7 அறிவிக்கை கூறுகிறது; அதை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன. இன்னும் மூன்று ஆண்டு பொறுக்க முடியுமா என்று வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: அக்னிவீர் இடையில் விலகலாமா?

பதில்: நான்கு ஆண்டு முடியும் முன் சொந்த விருப்பத்தில் விலக அனுமதி இல்லை; மிக அரிதான சூழலில் உரிய அதிகாரி விடுவிக்கலாம். அப்படி வெளியேறினால், நான்கு ஆண்டு முடிவில் கிடைக்கும் தொகையான சேவா நிதியில் தான் செலுத்திய பங்கும் அதன் வட்டியும் மட்டுமே கிடைக்கும். அரசின் பங்கு கிடைக்காது.