பாசார் மாலாம் ரோஜாவும் நீல ரோஜா விதையும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரோஜாவைப் பற்றியவை. மலேசியாவில், கேமரன் மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் தாப்பா பக்கம் ‘தோட்டம்’ என்றால் செம்பனையும் ரப்பர் பால்மரமும்தான். வீட்டு முன்னால் நாலு சட்டி வைத்திருந்தால் அதற்குப் பூச்செடி என்று பெயர். அந்த நாலு சட்டிக்குத்தான் இத்தனை செலவும் இத்தனை வயிற்றெரிச்சலும்.

கேள்வி: அண்ணே, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ‘மலையிலிருந்து வந்த ரோஜா’ என்று சொல்லி மூன்று சட்டி வாங்கினேன். சட்டி 15 வெள்ளி (ரிங்கிட்). வாங்கும்போது ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பூ இருந்தது. இரண்டு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டி, இரண்டு செடி செத்தே போய்விட்டது. மூன்றாவது வெறும் குச்சியாக நிற்கிறது. விற்றவரிடம் கேட்டால் ‘உங்களுக்குக் கைராசி இல்லை’ என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? (தாப்பா வாசகி)

பதில்: கைராசியை விடுங்கள், தங்கச்சி. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டரில் இருக்கிறது. அங்கே இரவானால் போர்வை தேடுவோம். நமக்கு இரவிலேயே 24 டிகிரி, பகலில் 33. லோரியில் ஏறி அறுபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கிய செடிக்கு அரை நாளில் ஊரே மாறிவிடுகிறது.

சூட்டைக்கூட அது ஓரளவு தாங்கும். நம் மழையைத்தான் தாங்காது. மலையில் விற்பனைக்கு வளர்க்கும் ரோஜா பெரும்பாலும் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் நிற்கிறது. அதன் இலையில் மழை பட்டிருக்காது. இங்கே வந்ததும் மூன்று மணிக்கு இடி, நாலு மணிக்கு மழை, ராத்திரி முழுக்க ஈரம். கரும்புள்ளி நோய்க்குக் காரணமான பூஞ்சைக்கு இலை ஏழு மணி நேரம்போல் ஈரமாக இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். உங்கள் மூன்றாவது செடியின் அடியில் விழுந்து கிடக்கும் இலையை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் இலையில் கறுப்பு வட்டம் இருக்கும். அதன் ஓரம் வழவழப்பாக இருக்காது, மை ஊறிய காகிதம்போல் பிசிறடித்திருக்கும். அதுதான் ஆள். அந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். சட்டியிலேயே விட்டால் அடுத்த மழையில் பூஞ்சை தெறித்து மேலே ஏறும்.

ஏமாற்றா என்று கேட்டீர்கள். போன வாரம் நானே அந்தச் சந்தைக்குப் போய் ஒரு சட்டியைக் கையில் எடுத்தேன். பார்க்கப் பெரிய சட்டி, தூக்கினால் கனமே இல்லை. தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டினேன், செடி பல் ஆடுவதுபோல் ஆடியது. ஓரத்து மண்ணை விரலால் தள்ளிப் பார்த்தால், நடுவில் தேநீர்க் குவளை அளவுக்கு ஒரு வேர்க்கட்டி, சுற்றிலும் புதிதாகக் கொட்டிய மண். சின்னப் பையிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு முன்புதான் மாற்றியிருக்கிறார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய சட்டி என்று நீங்கள் கொடுத்த கூடுதல் காசு முழுக்க மண்ணுக்குப் போய்விட்டது.

ஆகவே வாங்கும்போது பூவைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் சட்டியின் அடித்துளையைப் பாருங்கள்: வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்த்தால் செடி அந்தச் சட்டியில் குடியேறிவிட்டது. பழுப்பாகி நாறினால் வைத்துவிட்டு வாருங்கள். அடியிலிருந்து பென்சில் கனத்தில் மூன்று தண்டாவது கிளம்பியிருக்க வேண்டும். இலையைத் திருப்பிப் பார்த்து, மிளகாய்த்தூள் தூவியதுபோல் நகரும் புள்ளிகளும் மெல்லிய வலையும் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்திப்பேன். அந்தச் சட்டியை மட்டுமல்ல, பக்கத்துச் சட்டியையும் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், ‘இது கீழே வந்து எத்தனை நாள் ஆச்சு?’ என்று கேளுங்கள். ஒன்றிரண்டு மாதம் நம் ஊர் மழையில் நின்று, கீழே பாதி இலை கொட்டி, மேலே புதுத்துளிர் விட்ட செடி அசிங்கமாக இருக்கும். நான் அதைத்தான் வாங்குவேன். விலையும் குறைத்துத் தருவார்கள்.

வகையிலும் கொஞ்சம் யோசியுங்கள். கல்யாண மாலைக்கு வரும் பெரிய ஒற்றைப் பூ ரகங்கள் நம் சூட்டில் வேகமாக விரிந்து, சிறுத்து, இரண்டே நாளில் உதிரும். கொத்தாகப் பூக்கும் ரகங்களும் குட்டி ரோஜாக்களும் நன்றாகத் தாங்கும். பழைய தோட்டத்து லயத்து வீடுகளில் வேலியோரம் நின்ற வாசனை ரோஜா நினைவிருக்கிறதா? யாராவது இன்னும் வைத்திருந்தால் ஒரு குச்சி கேட்டு வாங்கி நடுங்கள். காசே வேண்டாம்.

மூன்றாவது செடிக்கு: பச்சை உள்ள இடம்வரை வெட்டி, காலை வெயில் ஆறு மணி நேரம் படும் இடத்தில், முடிந்தால் கூரையோரத்தில் வையுங்கள். தண்ணீரைக் காலையில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். முதல் இரண்டு முறை வரும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, இருந்தாலும் கிள்ளுங்கள்.

அப்புறம், பணம் திரும்பக் கிடைக்குமா? இரண்டு மாதம் கழித்து, சந்தையில் ரசீதில்லாமல் வாங்கியதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. அடுத்த முறை ‘கீழே தாங்குமா?’ என்பதை வாட்சாப்பில் எழுத்தாகக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘தாங்கும்’ என்று எழுதித் தந்தால் கதை வேறு.

கேள்வி: இணையக் கடையில் நீல ரோஜா விதை, நூறு விதை ஏழு வெள்ளிக்கு வாங்கினேன். ஆறு வாரம் கழித்து முளைத்தது. அம்மா பார்த்துவிட்டு ‘இது கீரைடா’ என்கிறார். (பீடோர் வாசகர்)

பதில்: அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கடைந்து சாப்பிட்டுவிடாதீர்கள், அது என்ன செடியோ.

ரோஜாவுக்கு நீல நிறமி தயாரிக்கும் திறனே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பேன்சிப் பூவின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரோஜாவை 2004ல் அறிவித்து, 2009ல் ‘அப்ளாஸ்’ என்ற பெயரில் ஜப்பானில் விற்கத் தொடங்கியது. அத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் அந்தப் பூ கத்தரிப்பூ நிறத்தில்தான் இருக்கிறது. அதுவும் வெட்டிய பூவாக விற்றார்கள், விதையாக அல்ல. கடைகளில் பளீரென்று நீலமாகவோ வானவில் நிறத்திலோ இருப்பவை சாயத்தண்ணீரில் நிறுத்தியவை.

நிறத்தை விடுங்கள், சிவப்பு ரோஜா விதை என்று விற்றாலும் வாங்காதீர்கள். கலப்பின ரோஜாவின் விதை தாய்ச்செடிபோல் பூக்காது. முளைக்கவே சில வாரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அதனால்தான் நர்சரிக்காரர்கள் ஒட்டுக் கட்டியோ குச்சி நட்டோ செடி எடுக்கிறார்கள்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் நாள் கணக்கில் இருக்கிறது. இணையக் கடையில் புகார் செய்யும் அவகாசம் சில நாள்தான். விதை முளைத்து, வளர்ந்து, அது கீரை என்று அம்மா கண்டுபிடிப்பதற்குள் உங்கள் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். பொருள், விவரித்தபடி இருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் விற்றவர் வெளிநாட்டில் என்றால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? கடைத் தளத்தில் புகார் எழுதி, முளைத்த செடியின் படத்தையும் போடுங்கள். அடுத்தவராவது தப்பிப்பார். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க இறக்குமதி அனுமதி வேண்டும். மீதி விதையை வாய்க்காலோரம் வீசாமல், கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: கடையில் ‘ரோஜா ஸ்பெஷல்’ மண் ஒரு மூட்டை 20 வெள்ளி, ‘ரோஜா ஸ்பெஷல்’ உரம் ஒரு டப்பா 18 வெள்ளி. மாமனார், தோட்டத்து உரமே போதும், ஒரு கை அள்ளிப் போடு என்கிறார். எது சரி? (தெமோ வாசகி)

பதில்: இரண்டும் வேண்டாம். மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நானும் ஒரு காலத்தில் செம்பனைக்குப் போடும் உரத்தை ஒரு கை அள்ளி ரோஜாவுக்குப் போட்டவன்தான். நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் கருகியது. மரத்துக்கான அளவைச் சட்டிக்குக் கொடுத்தால் உப்பு வேரைச் சுட்டுவிடும்.

நம் செம்மண் புளிப்பு மண். செம்பனை அதில் வளரும். ரோஜாவுக்கு அமிலக் கார அளவு (pH) 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. இது தெரியாமல்தான் பலர் உரத்துக்கு மேல் உரம் போடுகிறார்கள். மண் புளித்திருந்தால் போட்ட சத்தில் பாதி வேருக்குக் கிடைக்காது. பெரிய சட்டிக்கு இரண்டு தேக்கரண்டி டோலமைட் சுண்ணாம்பு கலந்து, இரண்டு வாரம் விட்டுப் பிறகு உரம் போடுங்கள். சுண்ணாம்பையும் அமோனியா உரத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள், தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

மண் கலவைக்கு இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய ஆட்டுப்புழுக்கை, ஒரு பங்கு கருக்கிய உமி போதும். புழுக்கை மக்கியிருக்க வேண்டும், கையில் எடுத்தால் வாடை வரக்கூடாது. உரத்துக்கு, சாதாரண 15-15-15 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) பச்சை உரத்தைக் கிலோ கணக்கில் வாங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி, சட்டி ஓரமாக. ‘ஸ்பெஷல்’ டப்பா வாங்கியே தீர வேண்டுமென்றால் படத்தைப் பார்க்காமல் பின்னால் இருக்கும் மூன்று எண்களையும் எடையையும் பார்த்து, நூறு கிராம் என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். கணக்குப் போட்டபின் வாங்கமாட்டீர்கள்.

சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். ரோஜாவுக்கு ஈரக்கால் ஆகாது. தட்டுத் தண்ணீரில் ஏடிஸ் கொசுப்புழு இருந்து சுகாதார அதிகாரி கண்ணில் பட்டால் 500 வெள்ளி வரை அபராதம். ரோஜா ஸ்பெஷலைவிடப் பெரிய செலவு.

கேள்வி: தோட்டத்தில் மருந்தடிக்கும் ஒருவர், கரும்புள்ளிக்கு நல்லது என்று மினரல் வாட்டர் போத்தலில் மருந்து ஊற்றி 10 வெள்ளிக்குத் தருகிறார். பம்பும் இரவல் தருவார். வாங்கலாமா? (சிலிம் ரிவர் வாசகர்)

பதில்: வேண்டாம். போத்தலில் இருப்பது என்ன என்று உங்களுக்கும் தெரியாது, பெரும்பாலும் அவருக்கும் தெரியாது. தோட்டத்தில் அதிகம் அடிப்பது களைக்கொல்லி. அது கரும்புள்ளியைத் தொடாது, ரோஜாவைத் தொடும். களைக்கொல்லி அடித்த பம்பைச் சரியாகக் கழுவாமல் நல்ல மருந்தை ஊற்றி அடித்தாலும் புதுத்துளிர் நூல்போல் மெலிந்து சுருண்டு வரும். பல வீட்டில் ‘வைரஸ்’ என்று சொல்லிப் பிடுங்கி எறிவது இப்படிப் பட்ட செடிகளைத்தான்.

செடியைவிட எனக்குப் பயம் அந்தப் போத்தல். குடிதண்ணீர்ப் போத்தலில் வைத்த மருந்தைத் தவறிக் குடித்துப் போன உயிர்களைத் தோட்டத்து ஆட்கள் யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. யாராவது பழைய சரக்கை இப்படி ஊற்றிக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். லேபிள் இல்லாமல் மருந்து விற்பது 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி குற்றமும்கூட.

கடையில் வாங்கும்போது லேபிளில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். கீழே ஒரு வண்ணப் பட்டை இருக்கும்: கறுப்பும் சிவப்பும் கொடியவை, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியாக வெள்ளை. வீட்டுப் பூச்செடிக்கு நீலம், வெள்ளையைத் தாண்ட அவசியமே இல்லை. கரும்புள்ளிக்கு மான்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லி நோய் வருமுன் தடுக்கும், வந்த புள்ளியை அழிக்காது. கையுறை, முகக்கவசம் இரண்டும் போட்டு, காற்றில்லாத காலையில் அடியுங்கள். உண்மையைச் சொன்னால் சட்டியை மழை படாத இடத்துக்கு நகர்த்துவது அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: புதுவீட்டுக்கு 20 ரோஜா நட்டுத் தர ஒருவரிடம் 600 வெள்ளி கொடுத்தேன். ‘எல்லாம் ஒட்டுச் செடி, மூன்று மாத உத்தரவாதம்’ என்று வாட்சாப்பில் எழுதினார். ஒரு மாதத்தில் 11 செத்துவிட்டது. இப்போது போனை எடுப்பதில்லை. (தாப்பா வாசகர்)

பதில்: எழுத்தில் இருக்கிறது அல்லவா, நல்லது. முதலில் செடிகளைத் தேதி தெரியப் படம் எடுங்கள். பிறகு, 14 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் வேண்டும் என்று அதே வாட்சாப்பில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம், மூன்றாண்டுக்குள் செய்ய வேண்டும். அவருடைய முழுப்பெயரும் முகவரியும் தேவைப்படும். பணம் கட்டிய வங்கிச் சீட்டில் பெயராவது இருக்கும், பத்திரமாக வையுங்கள்.

செத்த செடிகளைப் பிடுங்கி எறியாதீர்கள். அடித்தண்டில் கை வைத்துப் பாருங்கள். ஒட்டுச் செடியென்றால் மண்மட்டத்தருகே முண்டு ஒன்று தட்டுப்படும். முண்டே இல்லாத நேர்த்தண்டாக இருந்தால் குச்சி நட்ட செடியை ஒட்டு விலைக்கு விற்றிருக்கிறார். அதுவும் உங்களுக்குச் சாட்சி. உயிரோடு இருக்கும் 9 செடியில் முண்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் துளிரைக் கிள்ளிவிடுங்கள், அது நல்ல ரகத்தை ஒட்டுவதற்கு வேராக வைத்த காட்டு ரோஜா. ஏழு இலை இருந்தால் காட்டுச் செடி என்பார்கள், அதை நம்பாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வரும். எங்கேயிருந்து கிளம்புகிறது என்பதுதான் கணக்கு.

கேள்வி: ரோஜா வெட்ட 120 வெள்ளிக் கத்தரி வாங்கலாமா? (சுங்காய் வாசகி)

பதில்: நாலு சட்டிக்கா? 25 வெள்ளிக்குள் கிடைக்கும். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசித் தாண்டும் கத்தரியாகப் பாருங்கள். ஒரு அலகு தட்டையான பலகையில் போய் இடிக்கும் வகை பச்சைத் தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்திலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். கடையிலேயே ஒரு செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள்; கிழித்தால் வேண்டாம். வாங்கியபின் செடிக்குச் செடி அலகை ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். வானம் இருட்டிக்கொண்டு வரும் நாளில் வெட்ட உட்காராதீர்கள்.