கோபுரம் இருக்கட்டும், சந்தையைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறேன். அவள் அனுப்பிய ஊர்ப் படத்தில் தெருக்கள் கட்டம் கட்டமாக, நேராக இருக்கின்றன. பழைய ஊர் என்கிறார்களே, எப்படி? கதீட்ரலைத் தவிர அங்கே என்ன பார்க்கலாம்?
- திருச்சி வாசகி

பதில்: நல்ல கண் உங்களுக்கு. அது பழைய ஊர்தான், ஆனால் மனை பிரித்துப் போட்ட ஊர். முதலில் ஊரும் தேவாலயமும் வடக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஓல்ட் சாரம் குன்றின் மேல் இருந்தன. அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு, ஓயாத காற்று, கோட்டைச் சிப்பாய்களோடு தகராறு வேறு. பிஷப் ரிச்சர்ட் பூர் 1220இல் கீழே ஆற்றோரம் புதுக் கதீட்ரலுக்குக் கல் நாட்டினார். பக்கத்திலேயே மனைகள் அளந்து ஆண்டுக்கு 12 பென்னி வாடகைக்கு விட்டார். இன்றைய பாஷையில் லே-அவுட்! 1227இல் அரசர் மூன்றாம் ஹென்றியின் சாசனமும் வந்தது.

கதீட்ரல் கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமானது, எப்படியும் கண்ணில் பட்டுவிடும். நீங்கள் செவ்வாய் அல்லது சனிக்கிழமை சந்தைக்குப் போங்கள். ஃபிஷ் ரோ, புட்சர் ரோ, ஆக்ஸ் ரோ என்று ஒடுங்கிய சந்துகள் இருக்கும். அந்த வரிசைகளெல்லாம் ஒரு காலத்தில் திறந்த சந்தைத் திடல். விரித்த கடை பந்தலாகி, பந்தல் சுவராகி, மாடி வீடாகவே நின்றுவிட்டது. ஆக்கிரமிப்பு நமக்கு மட்டும் சொந்தமா என்ன? கோழி விற்ற இடத்தில் போல்ட்ரி கிராஸ் என்ற கல் மண்டபம் இன்னும் நிற்கிறது.

1716இல் வில்லியம் நெய்ஷ் வரைந்த படத்தின் நகல் கிடைத்தால் இன்றைய படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கட்டங்கள் அப்படியே இருக்கும். தெருக்களில் ஓடிய வாய்க்கால்கள்தான் காணாமல் போயிருக்கும். நாளடைவில் அவை சாக்கடையாகி, 1849 காலராவில் சுமார் 200 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் அவற்றைத் தூர்த்துக் குழாய் போட்டார்கள். நியூ கனால் தெருவில் இன்று சொட்டுத் தண்ணீர் இல்லை. வாய்க்கால் சேற்றில் கிடைத்த சாவி, கத்தி போன்ற பழம்பொருள்கள் கதீட்ரல் எதிரே மியூசியத்தில் இருக்கின்றன. கட்டாயம் பாருங்கள்.

அப்புறம், பஸ் பிடித்து ஓல்ட் சாரத்துக்கும் போய் வாருங்கள். ஆளே இல்லாமல் போன அந்த இடம் 1832 வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. அதை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை நம் சென்னைக் கோட்டையின் கவர்னர். பழைய மதராஸ் படம் ஒன்று 'கவர்னர் பிட் உத்தரவுப்படி அளந்தது' என்ற குறிப்போடு அச்சாகியிருக்கிறதே, அதே பிட்தான்.