பத்திரத்தை எடுக்காதீர்கள்

ஐயா, சனிக்கிழமை மகளோடும் அவள் தாய்மாமாவோடும் வந்திருந்தீர்கள். "பார்க்கலாம், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று பட்டதால் எழுதுகிறேன்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், 18 லட்சம், வீட்டுப் பத்திரத்தை வைத்துப் புரட்டிவிடலாம். இது மாமா எடுத்த முடிவு. உங்கள் மகள் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தாள். கெமிஸ்ட்ரி லேபில் உப்பைக் கண்டுபிடிப்பது ரொம்பப் பிடிக்கும் என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

வேண்டாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அவளுக்குப் பிடித்த கெமிஸ்ட்ரியிலேயே வேறொரு வழி இருக்கிறது: மின்வேதியியல், அதாவது மின்சாரத்தையும் வேதிவினையையும் சேர்த்துப் படிக்கும் துறை. அதற்கு ஏன் தேவை இருக்கிறது என்று சொல்கிறேன்.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அவற்றைச் சேர்த்துச் செய்யும் மோட்டார் காந்தம் வராமல் நம் வண்டி கம்பெனிகள் தவித்தன. இனி யார் தயவிலும் இருக்கக் கூடாது என்று, காந்தத்தை இங்கேயே செய்ய அந்த நவம்பரில் மத்திய அரசு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பேட்டரி செல்லுக்கு 2021-லேயே 18,100 கோடி. சரி, பணம் வந்தால் காந்தம் வந்துவிடுமா? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில், அந்தத் தனிமங்கள் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. மோனசைட்டிலிருந்து ஆக்சைடு வரை நாம் பிரித்துவிடுகிறோம். அதை உலோகமாக்கும் இடத்தில்தான் பின்தங்கியிருக்கிறோம். உருக்கிய ஃப்ளூரைடு உப்பில் ஆக்சைடைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் என்ற உலோகத்தை எடுக்க வேண்டும். பேட்டரி, துருத் தடுப்பு, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிப்பது எல்லாம் இதே மின்வேதியியல்தான்.

இதை பி.டெக். படிப்பாகவே காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் சொல்லித்தருகிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆய்வகம் அது. அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். விஞ்ஞானிகள் வேலை செய்யும் வளாகத்திலேயே வகுப்பு. உப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒன்றை மறைக்க மாட்டேன். இடங்கள் குறைவு. பேட்டரி ஆலைகள் சொன்ன வேகத்தில் வரவில்லை. முதல் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இல்லாமல் போகலாம், எம்.டெக். வரை போக வேண்டியும் வரலாம். ஆனால் கடன் கழுத்தை நெரிக்காத பிள்ளையால்தான் அதுவரை பொறுத்திருக்க முடியும். பணம் குறைந்தால் ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாத கல்விக் கடனை வங்கியில் கேளுங்கள்.

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். அதற்கு முன் ஒரு நாள் காரைக்குடிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். மாமாவிடம் நானே பேசுகிறேன்.